குரோஷா இப்போதுதான் பழகுகிறேன், குழுப் போர்வைக்குச் சதுரம் பின்னிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஜூன் 6

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பழக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. செயின், சிங்கிள், டபுள் என்ற அடிப்படை ஸ்டிச்சுகள் வரும். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் கிரானி ஸ்கொயர் சதுரமும் போட்டுப் பார்த்தேன், ஒரு மூலை போல இன்னொரு மூலை வருவதில்லை. தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு பெரிய போர்வை செய்கிறார்கள். ஆளுக்குச் சில சதுரம், ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். என்னையும் கூப்பிடுகிறார்கள். என் சதுரத்தால் மொத்தப் போர்வையும் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. நன்றாகப் பழகிவிட்டுச் சேர்வதா, இப்போதே சேர்வதா?

ஜூன் 6, மாலை

இப்போதே சேருங்கள்.

நானும் பழகும் காலத்தில்தான் முதல் போர்வைக்குச் சதுரம் கொடுத்தேன். இப்போது பெரும்பாலும் மற்றவர்கள் அனுப்புகிற சதுரங்களை இணைக்கிற வேலை என்னிடம் வருகிறது. மடியில் ஒரு குவியல் சதுரத்தை வைத்துக்கொண்டு இணைக்க உட்கார்ந்தால் எது தொல்லை தரும், எது தராது என்பது கைக்கே தெரியும். ஒரு கொத்து (ஒரே இடத்தில் சேர்த்துப் போட்ட சில ஸ்டிச்) இறுக்கமாக, அடுத்தது தளர்வாக இருந்தால் கண்டுகொள்ளவே மாட்டேன். இணைத்து முடித்து ஒருமுறை துவைத்தால் அந்த வித்தியாசம் பாதி காணாமல் போய்விடும். ஒரு பக்கத்தில் 18 ஸ்டிச், எதிர்ப்பக்கத்தில் 16 ஸ்டிச் என்று ஒரு சதுரம் வந்தால்தான் கை நின்றுவிடும்.

அதனால் நீங்கள் பயப்பட வேண்டியது அழகுக்காக இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

ஜூன் 6, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போனது. குழுப் போர்வை என்று இரண்டு விதத்தைச் சொல்வார்கள். ஒன்றில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே டிசைனைப் பின்னுவார்கள், ஆனால் ஆளுக்கொரு முழுப் போர்வை. வாரம் ஒரு பகுதியாக டிசைன் வரும். இன்னொன்றில் ஆளுக்குச் சில சதுரம், எல்லாம் சேர்ந்து ஒரே போர்வை. உங்களுடையது இரண்டாவது வகை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் வகையில் உங்கள் கை இறுக்கமோ தளர்வோ, போர்வை உங்களுடையது. கொஞ்சம் சின்னதாக வந்தால் சின்னப் போர்வை, அவ்வளவுதான்.

ஜூன் 7

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"எட்டு அங்குலம்" என்று மட்டும் சொன்னால் எட்டு பேரிடமிருந்து எட்டு அளவு வரும். ஒருவர் மேசையில் போட்டு அப்படியே அளப்பார். இன்னொருவர் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அளப்பார். மூலையில் உள்ள இடைவெளியைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. ஒரு சதுரத்தில் அரை சென்டிமீட்டர் என்பது ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஏழு சதுரம் ஒரே வரிசையில் வந்தால் அது மூன்றரை சென்டிமீட்டர். பக்கத்து வரிசை சரியான அளவில் இருந்தால் போர்வையின் ஓரம் அங்கே பிதுங்கும், அல்லது சுருங்கும்.

இதற்குப் பெரும்பாலான குழுக்கள் சொல்கிற வழி, எல்லோரும் ஒரே நூல், ஒரே ஊசி. உதவும், ஆனால் போதாது. ஒரே 5 மி.மீ ஊசியும் ஒரே நூலும் கொடுத்தாலும் இருவர் கையில் இரண்டு அளவு வரும். ஊசியின் எண் ஒரு ஆரம்பம்தான். உங்கள் கையில் எட்டு அங்குலம் வருவதற்கு 4.5 வேண்டுமா 5.5 வேண்டுமா என்பதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

அங்குலத்தை விட நம்பத்தக்கது ஓரத்தில் உள்ள ஸ்டிச் எண்ணிக்கை. கிரானி ஸ்கொயரில் இது ரொம்ப எளிது. முதல் சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஒரு கொத்து, கொத்துக்கு மூன்று டபுள். இரண்டாவது சுற்றில் பக்கத்துக்கு இரண்டு கொத்து. ஆறாவது சுற்றில் ஆறு கொத்து, அதாவது 18 டபுள். நான்கு பக்கமும் 18 இருந்தால் அந்தச் சதுரத்தை இன்னொரு 18 உள்ள சதுரத்தோடு ஸ்டிச்சுக்கு ஸ்டிச் வைத்து இணைத்துவிடலாம். ஒன்று கால் அங்குலம் சின்னதாக இருந்தாலும் பெரியது அதை இழுத்துக்கொள்ளும். எண்ணிக்கை மாறினால் எங்கே இரண்டு ஸ்டிச்சை ஒன்றாகப் பிடிப்பது என்று ஒவ்வொரு ஓரத்திலும் யோசிக்க வேண்டும்.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

டிசைன் எந்த ஊர் முறையில் எழுதியது என்று பாருங்கள். அமெரிக்க முறையில் டபுள் என்பது பிரிட்டன் முறையில் ட்ரெபிள். அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டனில் டபுள். ஒருவர் ஒரு முறையிலும் இன்னொருவர் மற்றதிலும் படித்தால் ஒரே காகிதத்திலிருந்து இரண்டு வேறு சதுரம் வரும், ஒன்று மற்றதில் பாதி உயரம். கண்டுபிடிக்க எளிய வழி: டிசைனில் எங்கேயாவது "சிங்கிள்" என்று வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டன் முறையில் சிங்கிள் என்ற பெயரே வராது.

ஜூன் 9

"எங்கள் குழுவில் எட்டு அங்குலம் என்று மட்டும்தான் சொன்னார்கள், எண்ணிக்கை எல்லாம் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கேளுங்கள். புதிதாகச் சேர்பவர் கேட்பது தப்பே இல்லை. சொல்லப்போனால் எல்லோருக்கும் அது உபகாரம்.

நான் சேர்ந்த ஒரு குழுவில் இதே கதைதான். அளவு மட்டும் சொன்னார்கள், எந்த டிசைனும் போடலாம் என்றார்கள். வந்து சேர்ந்த சதுரங்களைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. நடுவில் பூ வைத்தது, புடைப்பு வைத்தது, ஒரே நிறத்தில் அடர்த்தியாகப் போட்டது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆனால் ஓரத்தில் ஒன்றுக்கு 22, ஒன்றுக்கு 27, ஒன்றுக்கு 31. இணைக்க ஆளில்லாமல் அந்தப் பை ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அதை முடித்தது ஒரே ஒரு தீர்மானம். ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி ஒரே நிற நூலில், ஒரே ஆள், ஒரு சிங்கிள் சுற்று போடுவது. பக்கத்துக்கு 26 ஸ்டிச், அதற்குக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. 22 உள்ள ஓரத்தில் நான்கு இடத்தில் ஒரே ஓட்டையில் இரண்டு போட்டோம், 31 உள்ளதில் ஐந்து இடத்தில் இரண்டை ஒன்றாகப் பிடித்தோம். அந்த ஒரு சுற்றுக்குப் பிறகு எல்லாச் சதுரமும் ஒரே குடும்பமாகிவிட்டது. பிறகு இணைப்பது வெறும் பொறுமை வேலைதான்.

எனவே உங்கள் குழுவிடம் இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கடைசிச் சுற்றில் பக்கத்துக்கு எத்தனை ஸ்டிச் வேண்டும்? அல்லது கடைசிச் சுற்றை இணைப்பவரே போட்டுக்கொள்வாரா? இரண்டாவது என்றால் நீங்கள் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே அனுப்ப வேண்டும். ஏழரை போதும். இணைப்பவர் போடும் சிங்கிள் சுற்று மீதியை நிரப்பும்.

ஜூன் 10

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் குரோஷா வராது, இரண்டு ஊசி நிட்டிங் மட்டும், அதுவும் வெறும் நிட் ஸ்டிச்தான். நான் சேர முடியுமா?"

தாராளமாக. வெறும் நிட் மட்டும் போட்டால் வருவது கார்ட்டர் ஸ்டிச். சதுரத்துக்கு அதைவிட வசதியான பின்னல் கிடையாது. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு வரும். ஒரு மேட்டின் உயரமும் ஒரு ஸ்டிச்சின் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே தொடக்கத்தில் ஊசியில் 36 ஸ்டிச் ஏற்றினால் 36 மேடு வந்ததும் நிறுத்துங்கள், சதுரம் தயார். அளவுகோலே வேண்டாம்.

இதைக் குரோஷா சதுரங்களோடு சேர்ப்பதற்கும் இதே கணக்குதான் கைகொடுக்கும். மேலும் கீழும் ஸ்டிச்சுக்கு ஒரு சிங்கிள், பக்கங்களில் மேட்டுக்கு ஒரு சிங்கிள். நான்கு பக்கமும் 36 வந்துவிடும். குழுவின் எண்ணிக்கை வேறு என்றால் அதற்கேற்ப ஸ்டிச் ஏற்றுங்கள்.

அதுவும் பயமாக இருக்கிறது என்றால் மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுவது இருக்கிறது. மூன்று நான்கு ஸ்டிச்சில் தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போவது. முக்கோணத்தின் பக்கம் வேண்டிய அளவை எட்டியதும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைத்துக்கொண்டே வருவது. கை இறுக்கமா தளர்வா என்ற கேள்வியே இதில் எழாது. பக்கம் எட்டு அங்குலம் வந்ததும் திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். எண்ண வேண்டியதும் இல்லை.

ஜூன் 10, இரவு

இடது கைக்காரர் ஒருவருக்கு: ஒரு தடையும் இல்லை. உங்கள் கிரானி ஸ்கொயர் எதிர்த்திசையில் சுற்றும், இணைப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வலது கைக்காரர் எடுத்த வீடியோவைக் கண்ணாடி போலத் திருப்பிப் பார்த்தால் பழகுவது எளிது.

ஜூன் 13

நூல் நுனி. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

போன வாரம் ஒரு சதுரம் கைக்கு வந்தது. பார்க்க அருமையான சதுரம், மூலை நான்கும் கச்சிதம், எண்ணிக்கையும் சரி. மேஜிக் ரிங்கில் தொடங்கியிருந்தார்கள். வளையத்தை இறுக்கிய பிறகு நுனியை ஒரு விரற்கடைக்கும் குறைவாக வெட்டிவிட்டார்கள். எடுத்து விரித்தேன், நடுவில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. மேஜிக் ரிங் என்பது நூலால் ஆன சுருக்குதான். நுனியைப் பூட்டாவிட்டால் போர்வையை உதறுகிற ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்.

அதைக் காப்பாற்றலாம், எப்படி என்றும் சொல்கிறேன். அதே நிற நூலைக் காது பெரிய ஊசியில் கோத்து, சதுரத்தின் பின்பக்கத்தில் முதல் சுற்று ஸ்டிச்சுகளின் அடியில் ஒவ்வொன்றாக நுழைத்து முழு வட்டம் வர வேண்டும். இன்னொரு முறை அதே வழியில் சுற்ற வேண்டும். பிறகு மெல்ல இழுத்தால் ஓட்டை மூடும். மீதி நூலை அங்கேயே முன்னும் பின்னுமாக ஓட்டிப் பூட்டிவிடலாம். பழைய நுனியையும் அதற்குள் மடக்கிவிட வேண்டும்.

பழகும் கைக்கு நான்கு செயின் போட்டு வளையமாக்கித் தொடங்குவதே நல்லது. நடுவில் சின்னத் துளை இருக்கும், ஆனால் அது பெரிதாகாது.

நுனி எப்போதும் ஆறு அங்குலமாவது விடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டாதீர்கள், முடிச்சு துவைக்கும்போது வழுக்கி வெளியே வரும். ஊசியில் கோத்து ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, மறுபடி ஒருமுறை திரும்பினால் எங்கேயும் போகாது. நிறம் மாறுகிற இடத்தில் அந்தந்த நிறத்துக்குள்ளேயே ஓட்டுங்கள், இல்லையென்றால் மஞ்சளுக்கு நடுவே ஒரு நீல இழை எட்டிப் பார்க்கும்.

கடைசிச் சுற்றின் நுனியை மட்டும் ஓட்டாமல், ஒரு முழம் நீளமாக விட்டு அனுப்பச் சொல்லும் குழுக்களும் உண்டு. இணைப்பவர் அதே நூலால் தைத்துக்கொள்வார். உங்கள் குழுவில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 14

நூல் விஷயம். போர்வை யாருக்கு என்பதை முதலில் கேளுங்கள். இயந்திரத்தில் துவைக்கப்போகும் போர்வை என்றால் அக்ரிலிக் என்ற செயற்கை நூல், அல்லது துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி. சாதாரணக் கம்பளி இழையின் மேல் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் அலசித் தேய்க்கும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், துணி சுருங்கிப் பட்டை போல ஆகிவிடும். அக்ரிலிக் சதுரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கம்பளிச் சதுரம் இருந்தால் போதும், ஒரு துவைப்பில் அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள எட்டையும் இழுக்கும். வீட்டில் மிச்சமிருந்த, லேபிள் தொலைந்த நூலைக் குழுப் போர்வைக்குப் போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கைக்குழந்தைகளுக்கான போர்வை என்றால் பெரிய ஓட்டை உள்ள டிசைனும் தொங்கும் குஞ்சமும் வேண்டாம், சின்ன விரல் மாட்டிக்கொள்ளும்.

நூல் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டீர்கள். ஒரு சதுரத்தை முடித்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 25 கிராம் என்றால் நான்கு சதுரத்துக்கு 100 கிராம். நுனிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: வெளிச்சுற்றுதான் நூலைத் தின்னும். பத்துச் சுற்றுச் சதுரத்தில் கடைசி மூன்று சுற்றே ஏறத்தாழப் பாதி நூலை எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கும் நிறத்தை நடுவில் போடுங்கள், நிறைய இருப்பதை ஓரத்துக்கு வையுங்கள்.

ஜூன் 14, தொடர்ச்சி

பேச்சு எங்கேயோ போகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கிரானி ஸ்கொயர் அச்சில் வந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1885ல் பிரெய்ரி ஃபார்மர் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்த சதுரத்தைத்தான் முதல் என்று சொல்வார்கள். மிச்ச நூலைச் சேர்த்துப் போர்வை ஆக்குவதுதான் இதன் பிறப்பிலேயே உள்ள யோசனை.

பலர் சேர்ந்து செய்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வார்ம் அப் அமெரிக்கா என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு. 1991ல் தொடங்கியது. அங்கே சதுரமே கிடையாது. 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்று ஒரு செவ்வகம், 49 துண்டு சேர்ந்தால் ஒரு போர்வை. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளுக்காக உலகெங்கும் இருந்து சதுரம் வாங்கும் நிட் எ ஸ்கொயரில் உங்கள் குழுவின் அதே எட்டு அங்குலம்தான், 35 சதுரம் ஒரு போர்வை. இரண்டு இடத்திலும் அளவு ஒன்றைத்தான் கறாராகச் சொல்கிறார்கள். டிசைனை விட்டுவிடுகிறார்கள். புதியவர்கள் தைரியமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு விரித்த போர்வை 11,148.5 சதுர மீட்டர், அன்றைக்குக் கின்னஸ் சாதனை. அவ்வளவு பெரிய பரப்பும் ஆளுக்குச் சில துண்டு என்று பலர் கையிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அத்தனை பேரில் அன்று புதிதாகப் பழகியவர் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

ஜூன் 15

முதல் நாள் "இப்போதே சேருங்கள்" என்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நேற்றிலிருந்து தோன்றுகிறது. சேருங்கள், ஆனால் நீங்கள் போடும் முதல் சதுரங்களை அனுப்பாதீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும் கை ஆரம்பத்தில் இறுக்கமாக இருக்கும். ஊசி நழுவிவிடுமோ என்று நூலைப் பிடித்துக்கொண்டே இருப்போம். சில சதுரம் போனபின் கை தானாக இளகும், அளவு பெரிதாகும். அப்புறம்தான் ஒரு இடத்தில் நிற்கும். எனவே ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். அடுத்தடுத்துப் போட்ட இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரங்கள் பொருந்துகின்றனவா? பொருந்தினால் அங்கிருந்து வருவதை அனுப்பலாம். முன்னால் போட்டவற்றையும் பிரித்துப் போடலாம், நூல் வீணாகாது.

ஆரம்பச் செயின் மட்டும் எப்போதும் இறுக்கமாக வருகிறது என்பவர்கள் அதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம். வரிசை வரிசையாகப் போடும் சதுரத்துக்கு இது முக்கியம், கிரானி ஸ்கொயருக்குத் தேவைப்படாது.

ஜூன் 20

"எண்ணிக்கை சரியாக 18, ஆனால் ஏழே கால் அங்குலம்தான் வருகிறது. 5.5 ஊசிக்கு மாறியும் ஏழரைக்கு மேல் போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஊசியை இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். உங்கள் டபுள் குட்டையாக வருகிறது என்று நினைக்கிறேன். மெதுவாக ஒரு டபுள் போட்டுப் பாருங்கள். நூலைச் சுற்றி, ஊசியை உள்ளே விட்டு, நூலைப் பிடித்து முன்னே இழுக்கிறீர்கள். அப்போது ஊசியில் மூன்று வளையம் இருக்கும். கடைசியாக வந்த அந்த வளையத்தைத்தான் கவனிக்க வேண்டும். டபுளின் உயரத்தை முடிவு செய்வது அதுதான். சிலர் அதை இழுத்த கையோடு ஊசியைக் கீழ்நோக்கி அழுத்துவார்கள், வளையம் ஸ்டிச்சின் கழுத்தோடு ஒட்டிவிடும். அடுத்து எவ்வளவு தளர்வாக நூலை இழுத்தாலும் உயரம் வராது. அந்த வளையத்தை இழுத்ததும் ஊசியை ஒரு நெல்மணி அளவு மேலே தூக்குங்கள், பிறகு வழக்கம்போல இரண்டு இரண்டாக எடுங்கள்.

சிலர் இயல்பாகவே தூக்குவார்கள், அவர்களுடைய சதுரம் அதே ஊசியில் எட்டரை வரும். அவர்கள் தூக்காமல் பழக வேண்டும்.

ஜூன் 21

மணிக்கட்டு வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். ஊசியைப் பேனா போலப் பிடிப்பவர்கள் கத்தி போலப் பிடித்துப் பாருங்கள், கத்தி போலப் பிடிப்பவர்கள் பேனா போலப் பிடித்துப் பாருங்கள். கெடு தேதி முக்கியமில்லை, ஒரு சதுரம் குறைந்தால் வேறு யாராவது போடுவார்கள்.

ஜூன் 22

தூக்கிப் போட்டதும் எட்டு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்! மூலைகள் லேசாகச் சாய்கின்றன என்றும் சொன்னீர்கள். ஒரே பக்கத்தைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டே போனால் குரோஷா இயல்பாகவே கொஞ்சம் ஒருபக்கம் திரும்பும், கையின் குறை இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பிப் போட்டால் அந்தச் சாய்வு நேராகிவிடும். ஆனால் குழுவில் மற்றவர்கள் திருப்பாமல் போடுகிறார்கள் என்றால் நீங்களும் திருப்ப வேண்டாம், பின்பக்கமும் முன்பக்கமும் கலந்து தெரியும். சாய்வை பிளாக்கிங்கில், அதாவது பின்னி முடித்த சதுரத்தை அளவுக்கு இழுத்துக் குத்தி வைப்பதில், சரிசெய்யலாம்.

பிளாக்கிங் நூலைப் பொறுத்தது. கம்பளி என்றால் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, மெத்தென்ற பலகையில் நான்கு மூலையையும் குத்தூசியால் அளவுக்கு இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். அப்படியே நிற்கும், அடுத்த முறை நனையும் வரை. அக்ரிலிக் அப்படிக் கேட்காது, அதற்கு ஆவி வேண்டும். குத்தி வைத்து, இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவியை மட்டும் லேசாகக் காட்டுங்கள். பெட்டி பட்டால் நூல் உருகித் துவண்டுவிடும், பழைய புசுபுசுப்பு திரும்பவே வராது. முதலில் அனுப்பாமல் வைத்திருக்கிற ஒரு சதுரத்தில் பழகுங்கள்.

எட்டே காலாக இருப்பதை எட்டாகச் சுருக்க பிளாக்கிங்கால் முடியாது. அதற்கு ஊசியைச் சின்னதாக்க வேண்டும்.

ஜூன் 27

உங்கள் குழுவில் இணைக்கும் நாளுக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்களா? போங்கள், கட்டாயம் போங்கள். ஒரு சதுரத்தின் ஓரம் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பது இணைக்கும்போது தெரிவதைப் போல வேறெங்கும் தெரியாது.

எல்லாச் சதுரத்தையும் தரையில் பரப்பி, ஒரு போட்டோ எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தோடு பார்க்கும்போது சரியாகத் தோன்றும் வரிசையில் அடர்ந்த சதுரங்கள் ஒரே மூலையில் குவிந்திருப்பது அதில் உடனே தெரியும். இடம் மாற்றி முடித்ததும் ஒவ்வொரு சதுரத்திலும் வரிசை எண் எழுதிய சீட்டைக் குத்திவிட வேண்டும். யாராவது ஒருவர் நடந்து போகும்போது பாவாடை பட்டு ஒரு வரிசை கலைவது எல்லா வீட்டிலும் நடக்கும்.

இணைக்கும் முறை பல உண்டு. ஊசி நூலால் தைப்பது தட்டையாக வரும், ஆனால் நேரம் பிடிக்கும். ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத குரோஷா ஸ்டிச்) இணைப்பு வேகம், கை இறுகினால் போர்வை அந்தக் கோட்டில் சுருங்கும், ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தால் சரியாகும். சிங்கிள் இணைப்பில் ஒரு மேடு வரும். எனக்கு அந்த மேடு பிடிக்கும், ஓரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மறைத்துவிடும். புதியவர்களின் சதுரம் நிறைய இருக்கும் போர்வைக்கு நான் எப்போதும் சிங்கிளைத்தான் எடுப்பேன்.

ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாக நான்கு பக்கமும் இணைக்காதீர்கள். முதலில் எல்லாக் கிடைக் கோடுகளையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நூலை அறுக்காமல் இணைத்துக்கொண்டே போங்கள். எல்லாம் முடிந்தபின் நெடுக்குக் கோடுகள். நுனிகள் மிகக் குறைவாக இருக்கும். நான்கு மூலை சந்திக்கும் இடத்தில் ஒரு செயின் கூடுதலாகப் போட்டுத் தாண்டினால் அங்கே குழி விழாது.

ஜூன் 28

இணைப்பு நூல் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறீர்கள். குழுவில் ஒரே நிறமாக முடிவு செய்தால் போதும். இள மஞ்சள் கலந்த வெள்ளை எல்லா நிறத்தோடும் போகும், ஆனால் அழுக்குத் தெரியும். அடர் சாம்பல் நிறம் மற்ற நிறங்களை எடுத்துக் காட்டும். சிவப்பு வேண்டும் என்றால் இணைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டு பின்னி, வெள்ளைத் துணியோடு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

தேவையான நூலை ஒரே தடவையில் வாங்கிவிடச் சொல்லுங்கள், லேபிளில் உள்ள சாய எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து. இணைப்புக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஒரு கிடைக் கோட்டை முழுதாக இணைத்து, உருண்டையை முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். எத்தனை கோடு மீதி இருக்கிறதோ அத்தனையால் பெருக்குங்கள். ஓரத்துக்கு இரண்டு சுற்றாவது வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு உருண்டை கூடுதலாக வாங்குங்கள்.